ஏழாம் எண் லென்ஸ்

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கடுகு. நேரில் யாரும் சொன்னதில்லை. மாடிப்படிச் சுவரில் என் மூக்குக்கண்ணாடியோடு ஒரு முகத்தை வரைந்து கீழே எழுதியிருந்தார்கள். எண்ணெயில் விழுந்ததும் வெடிக்குமே, அதனால். பெயரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, பொருத்தமான பெயர்தான். மூக்கை அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க வேண்டாம்.

அன்றைக்கு வெடிப்பதற்கான முகூர்த்தம் காலையிலேயே கூடிவிட்டது. ஆய்வகத்தில் உள்ள பொருள்களை எண்ணிப் பட்டியலோடு சரிபார்க்கும் நாள். சோதனைக் குழாய்கள் நூற்றிருபது இருக்க வேண்டிய இடத்தில் எண்பத்தொன்பது இருந்தன. தராசு ஒன்றுக்குத் தட்டு இல்லை. காந்தங்களை ஒன்றோடொன்று ஒட்டவிட்டு யாரோ ரயில் செய்து வைத்திருந்தார்கள். நான் கத்திக்கொண்டே எழுதினேன், லேப் அண்ணன் ஒன்றும் பேசாமல் எண்ணினார். அவர் எங்கள் ஆய்வக உதவியாளர். என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனால் பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு அண்ணன்தான். தலைமையாசிரியையே அப்படித்தான் கூப்பிடுவார்.

லென்ஸ் பெட்டிக்கு வந்தோம். மொத்தம் பத்து லென்ஸ். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் ஓர் எண், அதன் பக்கத்தில் ‘20 செ.மீ.’ என்று என் கையெழுத்தில் அதன் குவியத்தூரம். அண்ணன் ஒவ்வொன்றையும் துடைத்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் இருந்தால் சுவரில் விழும் படத்தில் தெரிந்துவிடும். ஜன்னலும் வெளியே உள்ள மரமும் தலைகீழாகச் சுவரில் குட்டியாக விழுந்தன. கட்டைவிரலைச் சுவரில் ஊன்றி, சுண்டுவிரல் நுனியில் லென்ஸை நிறுத்தி, “ம்... சரி” என்று அடுத்ததை எடுத்தார். ஏழாவதில் நின்றுவிட்டார்.

“டீச்சர், இது ஒரு சாண் வரமாட்டேங்குதே.”

“எது?”

“ஏழாம் நம்பர். மத்ததெல்லாம் என் சாண் தூரத்துல மரம் பளிச்சுனு விழுது. என் சாண் சரியா இருபது. இது அதுக்கு முன்னாடியே விழுந்துடுது.”

“உங்க சாண் என்ன, முத்திரை குத்தி வாங்கினதா?” என்றேன். “அளவுகோலை எடுங்க.”

தூரத்துப் பொருளின் படம் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளித் தெளிவாக விழுகிறதோ அதுதான் குவியத்தூரம். பத்து விநாடி வேலை. இதைப் பலகையில் எத்தனை தடவை எழுதிப் போட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதிப் போட்ட நான், என் பெட்டியில் இருந்த லென்ஸை ஒரு தடவைகூட ஜன்னல் பக்கம் காட்டியதில்லை. அன்றைக்குக் காட்டினேன். பதினைந்து வந்தது. தள்ளி வைத்தால் மரம் மங்கியது, மறுபடி பக்கத்தில் கொண்டுவந்தால் பதினைந்தில் இலை இலையாகத் தெரிந்தது. எல்லா லென்ஸையும் பார்த்தோம். மூன்றாவது, ஏழாவது, ஒன்பதாவது மூன்றும் பதினைந்து. மற்ற ஏழும் இருபது.

எப்படி நடந்தது என்று யோசிக்க நேரம் ஆகவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் லென்ஸெல்லாம் பூசணம் பிடித்திருந்ததைப் பார்த்து நான் ஒரு ஆட்டம் ஆடினேன். அண்ணன் அத்தனையையும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். காகிதங்கள் மிதந்து வந்துவிட்டன. ‘எதை எதுல ஒட்டறது டீச்சர்’ என்று கேட்டார். எனக்குத் தலைக்கு மேல் வேலை. ‘எல்லாம் இருபதுதான், ஒட்டுங்க’ என்று நானே புதிதாக எழுதிக் கொடுத்தேன்.

“அண்ணே, ஆறு வருஷமா கையில பிடிச்சுப் பாக்கறீங்களே, ஒரு தடவைகூடத் தெரியலையா?”

“தெரிஞ்சுது டீச்சர். முதல் வருஷமே சந்தேகமா இருந்துச்சு.” அவர் துணியை மடித்தார். “ஆனா பசங்க நோட்டைப் பாத்தா எல்லாருமே இருபதுன்னு எழுதியிருக்காங்க. நீங்களும் சரின்னு போட்டிருக்கீங்க. இத்தனை பேர் அளந்து தப்பாவா இருக்கும்? என் சாண்தான் தப்புன்னு விட்டுட்டேன்.”

நான் நேராக அலமாரிக்குப் போனேன்.

இந்த வருஷத்துச் செய்முறைத் தேர்வுத் தாள்கள் இன்னும் அலமாரியில்தான் இருந்தன. நாற்பத்திரண்டு தாள். முதல் வரியில் எந்த லென்ஸ் என்று எழுத வேண்டும். மூன்று, ஏழு, ஒன்பது வந்தவர்களைப் பிரித்தெடுத்தேன். பன்னிரண்டு பேர். மெழுகுவத்தியை லென்ஸுக்கு முன்னால் ஓரிடத்தில் வைத்து, பின்னால் திரையை நகர்த்தி, சுடர் தெளிவாக விழும் இடத்தைப் பிடித்து, இரண்டு தூரத்தையும் அளந்து வாய்பாட்டில் போட வேண்டும். பன்னிரண்டு பேருக்கும் விடை இருபது. ஒருத்தன் மட்டும் நம்பும்படி இருக்கட்டும் என்று 19.8 போட்டிருந்தான். அட்டவணைகளும் பிசிறு இல்லாமல் பொருந்தின. முப்பதில் மெழுகுவத்தி வைத்தால் அறுபதில் பிம்பம், நாற்பதில் வைத்தால் நாற்பதில். அந்த லென்ஸில் முப்பதில் மெழுகுவத்தி வைத்தால் அறுபதில் பிம்பம் விழவே விழாது. விடையைக் காகிதத் துண்டில் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, அளந்த மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

திருட்டுப் பசங்க, என்றுதான் முதலில் வாயில் வந்தது. அப்புறம்தான் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருந்த சிவப்பு மை கண்ணில் பட்டது. சரி, சரி, சரி, நன்று. எல்லாம் என் கை. திருட்டுக்கு முத்திரை குத்திக் கொடுத்தவளே நான்தான். ஆறு வருஷம், வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். கணக்குப் போட்டுப் பார்க்க மனசு வரவில்லை.

ஒரு தாள் மட்டும் தொட்டதுமே வித்தியாசமாக இருந்தது. அட்டவணை இருந்த இடத்தில் காகிதம் மெலிந்து, ஓரிடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. ரப்பரால் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். மேலே 30-60, 40-40, 60-30. அடியில் பென்சில் தடம். 30-30. 40-24. 60-20. வாய்பாட்டில் போட்டால் மூன்றுக்கும் பதினைந்து.

அந்தத் தாள் பென்சில் என்ற பெண்ணுடையது. வகுப்பில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஒல்லியாக நெட்டையாக இருப்பாள். எதையும் மெதுவாகத்தான் செய்வாள். போன வருஷம் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காட்டியபோது, மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகும் அவள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை. ‘டீச்சர், இது நகருதா, இல்ல என் கண்ணு நகருதா?’ என்று கேட்டாள். நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று விரட்டினேன்.

செய்முறைத் தேர்வன்று நடந்தது எனக்கு வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. நான்காவது தடவையாக மெழுகுவத்தியை நகர்த்திக்கொண்டிருந்தாள். என்ன வருது என்று கேட்டேன். பதினைந்து என்றாள்.

“இந்தப் பக்கம் பாரு, இருபது. அந்தப் பக்கம் பாரு, இருபது. ஊருக்கெல்லாம் ஒரு கணக்கு, உனக்குத் தனிக் கணக்கா? லென்ஸ் மேலேயே எழுதி ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா? மறுபடி பண்ணு.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகப் பேசினேன் என்று எனக்கே ஒரு திருப்தி. அவள் தாளுக்கு இருபது மதிப்பெண்ணுக்குப் பதினெட்டு போட்டிருந்தேன். மெதுவாகச் செய்ததற்கு இரண்டு குறைத்திருந்தேன். கீழே ‘முயற்சி செய்தால் முடியும்’ என்று எழுதியிருந்தேன்.

அதே மேஜையில் இன்னொரு கட்டும் இருந்தது. அடுத்த இரண்டு வருஷம் யார் எந்தப் பிரிவில் படிக்கப் போகிறார்கள் என்று பிள்ளைகள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள். வகுப்பாசிரியை என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் இருந்ததால் நான் பிரித்தே பார்க்கவில்லை. அவளுடையதைத் தேடி எடுத்தேன். பிரிவு: வரலாறு. காரணம்: அறிவியல் எனக்குக் கைவராது.

அந்த ஒரு வரியை அண்ணனிடம் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். கைவராதாம். பன்னிரண்டு பேரில் கை வந்தவள் இவள் ஒருத்திதான்.

சாயங்காலம் ஏழாம் எண் லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார்ந்து பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். உன் மேல் தப்பே இல்லை என்பேன். அவள் நம்பமாட்டாள். லென்ஸைச் சுவரில் காட்டுவேன். அவள் கண் விரியும், அழுவாள், நான் தட்டிக் கொடுப்பேன். படிவத்தில் அறிவியல் என்று மாற்றி எழுதுவாள். இப்படி எனக்கு நானே ஒரு நல்ல டீச்சர் வேஷம் கட்டி முடிக்கும்போது இறங்கும் இடம் வந்துவிட்டது.

வீடு மூன்றாவது மாடியில். அவள் அம்மா பஸ் கண்டக்டர். அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடையோடு ஒரு வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வாளியோடு எழப் பார்த்தார்.

“ஐயோ, உக்காருங்க” என்றேன்.

“நீங்க உக்காருங்க டீச்சர். மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. இவ என்ன பண்ணினா?” உள்பக்கம் திரும்பி, நெரிசலான பஸ்ஸின் பின்படி வரைக்கும் கேட்கிற குரலில், “ஏய், வெளிய வாடி!” என்றார்.

“அவ ஒண்ணும் பண்ணலைங்க. பண்ணினது நான்.”

பென்சில் வந்து கதவருகில் நின்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். சோப்புத் தண்ணீர், மிதந்த காகிதம், மூன்று லென்ஸ், எல்லாம். எதையும் பூசி மெழுகவில்லை. பிறகு லென்ஸை எடுத்துச் சுவரருகில் பிடித்தேன். எதிர் மாடியின் ஜன்னலும், அதில் காய்ந்த ஒரு சட்டையும் தலைகீழாகச் சுவரில் விழுந்தன. அம்மா வாயைப் பிளந்து பார்த்தார்.

“பதினஞ்சு” என்றேன். “நீதான் சரியா அளந்திருக்கே.”

“தெரியும் டீச்சர்.”

“என்ன தெரியும்?”

“பதினஞ்சுன்னு. அன்னைக்கே தெரியும். நீங்க அந்தப் பக்கம் போனப்போ ஜன்னலை வச்சும் பாத்தேன். அப்பவும் பதினஞ்சுதான்.”

“அப்போ ஏன்டி இருபதுன்னு எழுதினே?”

“நீங்க சொன்னீங்க.”

“நான் எங்க சொன்னேன்? மறுபடி பண்ணுன்னுதானே சொன்னேன்?”

“இருபது வர்ற வரைக்கும் மறுபடி பண்ணுன்னு சொன்னீங்க டீச்சர்.”

எதிர்த்துப் பேசும் குரல் இல்லை. நேரம் என்ன என்று கேட்டவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். அம்மா, “ஏய், டீச்சர்கிட்ட பேசற பேச்சா இது?” என்று அதட்டினார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நிறுத்தியிருக்க வேண்டாமோ என்று அடுத்த நிமிஷமே தோன்றியது.

“சரி. நீ சரின்னு உனக்கே தெரியும்னா, கைவராதுன்னு ஏன் படிவத்துல எழுதினே?”

அவள் கால் பெருவிரலால் தரையைத் தேய்த்தாள். “வேற என்ன எழுத முடியும்? அந்தப் படிவம் தலைமை டீச்சர்கிட்ட போகும். உங்களைப் பத்தி எழுதினா நல்லாவா இருக்கும்?”

ஆக, என் மானத்தைக் காப்பாற்ற அவள் தன் கையைக் குறை சொல்லியிருக்கிறாள். அவளாகத்தான் தொடர்ந்தாள்.

“வரலாறு சார் ஒரு நாள், ஒரே சண்டையைப் பத்தி ரெண்டு பேர் எழுதினதைக் கொடுத்தாரு. ஒருத்தர், நாங்க ஜெயிச்சோம்னு எழுதியிருந்தாரு. இன்னொருத்தர், அவங்க ஓடிட்டாங்கன்னு எழுதியிருந்தாரு. எது சார் சரின்னு கேட்டோம். எனக்கும் தெரியாது, எது நம்பற மாதிரி இருக்கு, ஏன் நம்பறீங்கன்னு எழுதுங்கன்னாரு. ரெண்டு பீரியட் எழுதினோம்.” அவள் முகம் முதல் தடவையாக மலர்ந்தது. “சயின்ஸ்தான் அந்த மாதிரி இருக்கும்னு சின்ன வயசுலேருந்து நினைச்சுக்கிட்டிருந்தேன் டீச்சர்.”

வரலாறு சாரை ஆசிரியர் அறையில் நாங்கள் தூங்குமூஞ்சி என்போம். அந்தத் தூங்குமூஞ்சி என் பாடத்தைத் தன் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். பொறாமை என்று சொன்னால்தான் சரி. “உன் நல்லதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். உன் இஷ்டம் எப்படியோ செய்” என்று எழுந்துவிட்டேன். அம்மா போட்டுக் கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். கோபம் எனக்கு எப்போதும் முதலில் வந்துவிடும். யோசனை அடுத்த பஸ் பிடித்துத்தான் வரும். அன்றைக்கு அது நான் வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது வந்து சேர்ந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவள், மன்னிப்பு என்ற சொல்லையே சொல்லாமல் திரும்பியிருந்தேன்.

மறுநாள் காலையில் தலைமையாசிரியையிடம் போய் நின்றேன். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

“யாராவது புகார் கொடுத்தாங்களா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? புது லேபிள் ஒட்டிட்டுப் பேசாம இருங்களேன்.”

“பன்னிரண்டு பேர் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்யணும். நான் தப்பா மார்க் போட்டிருக்கேன்னு எழுதித் தரேன்.”

“எழுத்துலயா? நல்லா யோசிச்சுட்டீங்களா? அடுத்த வருஷம் உங்களுக்கு உதவித் தலைமையாசிரியை பதவி வர்ற நேரம்.”

“யோசிச்சா எழுத மாட்டேன். அதனாலதான் இப்பவே எழுதறேன்.”

எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கனமான பொருளை வைப்பதுபோல இழுப்பறையில் வைத்தார்.

ஆய்வகத்துக்குப் போனபோது அண்ணன் சரியான காகிதங்களை வெட்டி, எழுத்துக்காகக் காத்திருந்தார். எழுத வேண்டாம் என்றேன். இருந்த பத்துக் காகிதத்தையும் ஊறவைத்து உரித்தோம். இப்போது பத்தும் வெறும் கண்ணாடி. எது எவ்வளவு என்று பார்த்தால் சொல்ல முடியாது. எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வகுப்பில் முதலில் நடந்ததைச் சொன்னேன். செய்முறைத் தேர்வன்று பென்சிலிடம் நான் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே திருப்பிச் சொன்னேன். “சரியா அளந்தவளை எல்லார் முன்னாடியும் கேலி பண்ணினேன். அதே எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்” என்றேன். கடுகு வெடிக்காமல் பேசுவது அவர்களுக்குப் புதிது. பென்சில் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் மதிப்பெண்காரன் மட்டும் கையைத் தூக்கினான். பன்னிரண்டு பேரில் அவனும் ஒருத்தன்.

“அப்போ எங்க மார்க் போயிடுமா டீச்சர்?”

“திரும்பச் செய்யணும். எல்லாருமே செய்யலாம், இப்பவே.”

லென்ஸ்களைக் கொடுத்தேன். கைகள் நான்கு பக்கமும் எழுந்தன.

“டீச்சர், இதுல நம்பரே இல்ல.”

“ஆமா.”

“ஆன்சர் எவ்வளவு டீச்சர் வரணும்?”

“தெரியாது.”

“நிஜமாவே தெரியாதா?”

“நிஜமாவே தெரியாது.”

வகுப்பு ஆடிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் ஒருத்தரும் மெழுகுவத்தியைக்கூடப் பற்றவைக்கவில்லை. பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தார்கள், அவன் இவனை எட்டிப் பார்த்தான். எட்டிப் பார்க்க எங்கேயும் ஒன்றும் இல்லை. மெதுவாகத் தொடங்கினார்கள். திரையை நகர்த்தும் சத்தம் வந்தது. ‘டேய், இங்க வச்சா தெளிவா இருக்கா, அங்க வச்சாவா?’ என்று ஒருத்தன் கேட்டான். இத்தனை வருஷத்தில் என் ஆய்வகத்தில் நான் கேட்டிராத கேள்வி அது. நான் பின்னால் நின்று, மனபாரம் இல்லாமல், கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

அப்போதுதான் கடைசி மேஜையிலிருந்து முதல் மதிப்பெண்காரன், “ஜன்னலை வச்சு அளந்தா பதினெட்டு டீச்சர்” என்றான்.

“பதினெட்டா? அது எப்படிடா பதினெட்டு வரும்?”

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். பென்சில் தன் மெழுகுவத்தியை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பையன் கை ரப்பரைத் தேடியது. அதுதான் என்னை உலுக்கியது. யாரும் சொல்லாமலே அந்தக் கை ரப்பரிடம் போகிறது, அப்படிப் பழக்கியிருக்கிறேன்.

“அழிக்காதே” என்றேன். “அது அப்படியே இருக்கட்டும். எப்படி அளந்தே, எனக்குக் காட்டு.”

காட்டினான். லென்ஸ் சரி, திரை சரி. ஜன்னலை வைத்துப் பார்த்தான், மரம் தெளிவாகவே விழுந்தது. அளவுகோலை எடுத்து வைத்தான். மறுபடியும் பதினெட்டு. நான் குனிந்து பார்த்தேன், எனக்கும் பதினெட்டுதான். பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். ‘லென்ஸைத் திருப்பிப் போடு’ என்றாள் ஒருத்தி. அப்படியும் பதினெட்டு. ‘வேற லென்ஸ் வை’ என்றான் இன்னொருத்தன். அடுத்த மேஜைக்காரர்கள் இருபது என்று எழுதியிருந்த லென்ஸ் இங்கே இருபத்து மூன்று காட்டியது.

“அப்போ லென்ஸ் இல்ல. அளவுகோல்” என்று பென்சில் மெதுவாகச் சொன்னாள்.

பையன் அளவுகோலைத் திருப்பிப் பார்த்தான். அதன் முனை உடைந்து, மூன்றிலிருந்துதான் தொடங்கியது. உடைந்த இடம் தேய்ந்து வழவழப்பாகியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. எத்தனை வருஷமாக அது அப்படி இருக்கிறது என்று அண்ணனை நான் கேட்கவில்லை. அவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வகுப்பே கூச்சல் போட்டது. பையன் தாளில் பதினெட்டை அழிக்காமல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘அளவுகோல் 3-இல் தொடங்குகிறது’ என்று எழுதினான். அவன் எழுதியதிலேயே அதுதான் அவனுடைய சொந்த வரி என்று நினைக்கிறேன்.

மணி அடித்து எல்லாரும் போன பிறகு பென்சிலை நிறுத்தினேன். அவள் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

“எந்தப் பிரிவுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உன் இஷ்டம். ஆனா இந்தக் காரணத்துக்குக் கீழ நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது பொய்.”

அவள் வாங்கி, நின்றபடியே படித்தாள். பேனாவை எடுத்து, ‘கைவராது’ என்ற வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தாள். வேறு காரணம் எழுதுவாள் என்று காத்திருந்தேன். எழுதவில்லை. பிரிவு என்ற இடத்தில் வரலாறு அப்படியே இருந்தது.

“இதை நான் வச்சுக்கலாமா டீச்சர்? இன்னும் மூணு வாரம் இருக்குல்ல.”

“வச்சுக்கோ.” கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டுவிட்டேன். “இன்னைக்குப் பாத்ததுக்கப்புறமும் வரலாறுதானா?”

“இன்னைக்குப் பாத்தது ஒரு தடவைதானே டீச்சர்” என்றாள். “அதுலயும் நடுவுல பதினெட்டுக்குக் கத்தினீங்க. ஒரு தடவையை வச்சு எப்படிச் சொல்றது?”

சிரிக்கவில்லை. கேலி இல்லை. நிஜமாகவே அதை யோசித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வரும் என்று நானே எதிர்பார்த்தேன், வரவில்லை. இவளை இழந்துவிடக் கூடாதே என்ற பதைப்புதான் வந்தது.

“சரி, எத்தனை தடவை பாக்கணும்? சொல்லிடு.”

பென்சில் படிவத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

“அதை முன்னாடியே சொல்லிட்டா, அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துப்பீங்க டீச்சர்.”

சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினாள்.